யானைக்கு நாலு டயர்

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் மனைவி பஸ்ஸில்தான் போனாள். இதோடு பன்னிரண்டு நாள். ஏழு பேர் தாராளமாக உட்காரும் வண்டியில் நான் ஒருவன் மட்டும் மகாராஜா மாதிரி ஆபீஸ் போய் வருகிறேன். வண்டிக்கு மகள் வைத்த பெயர் யானை. யானைமேல் போகிறவனுக்குப் பின்னால் ஒரு கூட்டமாவது வரும். எனக்கு ஆறு காலி சீட்டு.

டயர் மாற்றும்வரை ஏற மாட்டாளாம். மகளையும் ஏற்ற மாட்டாளாம். அப்படி என்ன உலகம் கவிழ்ந்துவிட்டது? மழையில் ரவுண்டானாவில் திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் வழுக்கிச் சுற்றியது. நடைபாதைக் கல்லில் இடித்து நின்றது. பின் சீட்டில் இருந்த மகளுக்கு நெற்றியில் ஒரு புடைப்பு. "எவனோ ரோட்டுல ஆயிலைக் கொட்டிட்டுப் போயிருக்கான்" என்று அங்கேயே, அப்போதே காரணம் சொல்லிவிட்டேன். காரணம் சொல்வதுதானே தொழில். இன்சூரன்ஸ் ஆபீஸில் இடிபட்ட வண்டிகளைப் பார்த்து, தப்பு யார் பேரில் என்று பதினெட்டு வருஷமாக எழுதுகிறேன்.

 அவள் மறுநாளே போய் ஜூன் கடைசி வரைக்கும் பஸ் பாஸ் எடுத்துவிட்டாள்.

ஜூன் 5, வியாழன்

சரி, டயர்தானே என்று இணையத்தைத் திறந்தேன். சேற்றுக்கு ஒரு டயர், பாறைக்கு ஒன்று, பனிக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்று. ஒரு புண்ணியவான் இந்த டயரைப் போட்டுக்கொண்டு ஆற்றையே கடந்தாராம், ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். எங்கள் யானை இதுவரை ஏறிய பெரிய மலை சூப்பர் மார்க்கெட்டின் இரண்டாவது மாடிப் பார்க்கிங்.

பதினொரு பக்கம் குறிப்பு எடுத்திருக்கிறேன். பரீட்சைக்கு இப்படிப் படித்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன்.

ஜூன் 7, சனி

மச்சினன் வந்தான். சொந்தமாக ஒரு சைக்கிள் வைத்திருக்கிறான், ஆகவே டயர் நிபுணர்.

"மாமா, மட் டயர் போடுங்க. வண்டி கெத்தா இருக்கும்."

"சேறு எங்கடா இருக்கு இங்க?"

"சேறு எதுக்கு மாமா? பாக்குறவனுக்குப் பயம் வரணும், அவ்ளோதான்."

பயம் ஏற்கெனவே வந்தாகிவிட்டது, வீட்டிலேயே இரண்டு பேருக்கு. அவன் விடாமல் அக்காவிடமும் கேட்டான்: "நீ என்னக்கா சொல்ற?"

"அந்த வண்டில போறவங்களைக் கேளு" என்றாள், துணி மடித்துக்கொண்டே.

ஜூன் 8, ஞாயிறு

மகளின் நெற்றிப் புடைப்பு வற்றிவிட்டது. நான் தொடப் போனால் இன்னும் கையைத் தட்டிவிடுகிறாள்.

ஜூன் 10, செவ்வாய்

ஆபீஸில் ஒரு ஆள் எதிரே உட்கார்ந்து, "ரோட்டுல ஆயில் சார், நான் என்ன பண்ணுவேன்?" என்றார். அடடா. ரவுண்டானாவுக்கு ரவுண்டானா ஆயில் ஊற்றவென்றே ஒருவனை வேலைக்கு வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. படங்களைப் பார்த்தேன். 'ஆயில் இருந்ததற்குத் தடயம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு சாப்பிடப் பிடிக்கவில்லை.

எங்கள் வண்டி இடித்த மறுநாளே நான் ரவுண்டானாவுக்குப் போய்ப் பார்த்துவிட்டேன். குனிந்து, கையால் தடவியே பார்த்தேன். ஆயிலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இதை இங்கே எழுதவே எனக்கு இத்தனை நாள்.

ஜூன் 12, வியாழன்

டயர்க்கடை. கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்து, பின் டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். வழவழவென்று இருந்தது.

"போன வருஷமே சொன்னேனே சார். புதுசா ரெண்டு வாங்குனீங்க. புதுசைப் பின்னால போடுங்க, பழசு முன்னால போகட்டும்னு சொன்னேன். முன்னால வழுக்குனா ஸ்டியரிங்ல தெரியும், வேகத்தைக் குறைச்சுக்கலாம். பின்னால வழுக்குனா அவ்ளோதான், வண்டி சுத்திரும்."

சொன்னார். நான் பதில் சொன்னதும் நினைவிருக்கிறது. "எனக்கே டயர் பாடமா? பின்னால போட்டா புது டயர் யார் கண்ணுல படும்? முன்னால மாட்டுய்யா!" கடையில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

என் பதினொரு பக்கத்தை அவரிடம் நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "எழுத்து நல்லாருக்கு சார். வண்டி எங்க எல்லாம் போகுது?" என்றார்.

"வீடு, ஆபீஸ், ஸ்கூல்."

"அப்ப ஈர ரோட்டுல பிடிச்சு நிக்கிற சாதா டயர் போதும். நாலும் ஒரே மாதிரி போட்டுருவோம்."

பத்தே நொடி. மூன்று டம்ளர் காபி குடித்து நான் செய்த ஆராய்ச்சி அந்த மேசையில் கிடந்தது. சக்கரங்கள் நேராக ஓட அலைன்மென்ட்டும் பார்த்துக் கொடுத்தார். ஊர் கண்ணில் படாத, பார்க்க லட்சணமில்லாத நாலு டயர்.

ஜூன் 13, வெள்ளி

காலையில் வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். மனைவி வந்தாள், குனிந்து நாலு டயரையும் பார்த்தாள்.

"நல்லாருக்கு."

சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். கேட்டதற்கு, "பாஸ் மாசக் கடைசி வரைக்கும் இருக்கு" என்று பதில்.

என்னதான்டி வேணும் உனக்கு? டயர்னு சொன்ன, மாத்தியாச்சு. இன்னும் என்ன? தலைகீழா நிக்கணுமா?

— தெரியும். என்ன வேண்டும் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

ஜூன் 15, ஞாயிறு

வாயால் சொல்ல வரவில்லை. வாயெல்லாம் மற்றவர்களை விசாரிக்கத்தான். கடைசியில் ஆபீஸ் படிவம் ஒன்றை எடுத்து முழுசாகப் பூர்த்தி செய்தேன். தேதி, இடம், காயம். 'விபத்துக்கான காரணம்' என்ற கட்டத்தில்: தேய்ந்த டயர்கள் பின்பக்கம். கடைக்காரர் எச்சரித்தும் உரிமையாளர் வீம்புக்காக மாட்டச் சொன்னது. சாலையில் ஆயில் இல்லை.

மனைவி அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். நீட்டினேன். நின்றபடியே படித்தாள்.

"ஆயில் இல்லைன்னு எப்பத் தெரியும்?"

"மறுநாளே."

அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை.

"எங்கிட்ட எதுக்குக் குடுக்குறீங்க? அடி பட்டது அவளுக்கு. அவகிட்டப் போய்ச் சொல்லுங்க."

மகளுக்குப் பதினோரு வயது. படிவமெல்லாம் வேண்டாம் என்று, பக்கத்தில் உட்கார்ந்து வாயாலேயே சொன்னேன். கடையில் எல்லோரும் சிரித்ததைக்கூட விடவில்லை. முழுசாகக் கேட்டு முடித்தாள்.

"அப்போ, புது டயர் உங்களுக்குக் கீழ இருந்துச்சு. பழசு எனக்குக் கீழயா?"

"ஆமாம்மா."

பதினெட்டு வருஷத்தில் என்னை யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.  நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜூன் 16, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. வழக்கம்போல் தனியாகக் கிளம்ப வாசலுக்கு வந்தேன். மனைவி கையை நீட்டினாள்.

"சாவி."

அவள் ஓட்டினாள். மகள் பின்னால். நான் பக்கத்துச் சீட்டில், பையை மடியில் வைத்துக்கொண்டு விருந்தாளி மாதிரி. ரவுண்டானாவை இருபதில் சுற்றினாள். பின்னாலிருந்த லாரி ஹாரன் அடித்துத் தீர்த்தது, அவள் கண்டுகொள்ளவே இல்லை. என் வலது கால் தானாக பிரேக்கைத் தேடியது. மிதியடிதான் அகப்பட்டது. யானை ஒரு அங்குலம்கூட நழுவவில்லை.

தாண்டியதும் பஸ் ஸ்டாப்பில் நிறுத்தினாள். கைப்பையிலிருந்து பாஸை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

"இங்கேருந்து உங்க ஆபீஸுக்கு நேர் பஸ். பாஸ்ல போட்டோ கிடையாது, யாரு வேணாப் போலாம்."

"எத்தனை நாளைக்கு?"

"மாசக் கடைசி வரைக்கும் இருக்கு."

இறங்கினேன். குடையை வண்டியிலேயே விட்டுவிட்டேன். மகள் திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றுகொண்டிருந்தேன். பார்க்கவில்லை. ஆனால் ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள், பயமில்லாமல்.

பஸ் பதினைந்து நிமிஷம் லேட்.