நாற்பத்தொன்று என்று எழுதிய சீட்டு

அன்பு மகள் வாலுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், ஒரே ஒரு முழங்காலைத் தவிர. அது உன் அப்பாவுடையது, அதன் புராணத்தை அவரே போனில் உனக்கு விடாமல் பாடியிருப்பார் என்பதால் நான் எழுதவில்லை. நீ நலமா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு போகிறாயா? போட்டோவில் பார்த்தேன், கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. வேலை என்று வந்துவிட்டால் உனக்குப் பசி மறந்துபோகும், அது என்னிடமிருந்து வந்த புத்தி, திட்டவும் வாய் வரவில்லை.

உன் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்க, உன் அப்பா சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, செய்தி வாசிக்கிறவரைப் போலக் குரலை மாற்றிக்கொண்டு படித்தார். உங்கள் சோதனை ராக்கெட் பதினெட்டாம் தேதி கிளம்புகிறது, முழுசாகப் போனால் நூற்றைம்பது வினாடி, அது எத்தனை வினாடி தாங்கும் என்று அங்கேயும் எல்லோரும் சீட்டு எழுதி ஒரு கண்ணாடி ஜாடியில் போடுகிறீர்கள் என்று எழுதியிருந்தாய். எந்த ஊரானாலும் ராக்கெட் செய்கிறவர்களுக்குப் புத்தி ஒரே மாதிரிதான் போகிறது. அந்தக் காலத்துச் சீட்டில் கடிகாரம் ஜெயித்த கை உன்னுடையது, எனக்கும் ஒரு எண் சொல்லேன் அம்மா என்று நீ கேட்டிருந்த இடம் வந்ததும் உன் அப்பா, முழுசாப் போகும்னு எழுது, எம் பொண்ணு செஞ்சதாச்சே என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். பஸ் ஓட்டின காலத்தில் டீசல் முள் தரையில் படுத்துக் கிடந்தாலும் ஊர் போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்பின மனிதர், அவர் பேச்சைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. உன் அக்காவின் சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சித்தியின் ராக்கெட்டுக்காகப் பத்திலிருந்து கீழே எண்ணப் பழகுகிறாள், ஒவ்வொரு தடவையும் எட்டுக்கு அப்புறம் ஆறு என்கிறாள். சொன்னால் சண்டைக்கு வருகிறாள். நீயும் அந்த வயதில் ஏழாம் எண்ணை விழுங்கினவள்தான்.

அந்தக் கடிகாரம் இன்னும் கூடத்தில் அதே ஆணியில்தான் தொங்குகிறது, நாளுக்கு மூன்று நிமிடம் பின்தங்கி ஓடுகிறது. நான் வேலை பார்த்த ராக்கெட் பட்டறையின் தச்சர் சாமான் பெட்டிப் பலகையை அறுத்துச் செய்தது. அதன் முதுகில் இந்தப் பக்கம் மேலே என்று அம்புக்குறியோடு மிச்சமிருந்த எழுத்தைப் பார்க்க வேண்டும் என்று வாரம் ஒரு தடவை உன் அப்பாவை நாற்காலியில் ஏற்றுவாயே, கடிகாரமும் மேலே கிளம்பப் போகுதா என்று கேட்டு உயிரை வாங்குவாயே. மணி பார்க்க நீ கற்றுக்கொண்டதே அதில்தான். மூன்றாம் வகுப்பில் எழுந்து நின்று, ராக்கெட் எப்போ வெடிக்கும்னு எங்க அம்மாவுக்கு முன்னாடியே தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தாய், டீச்சர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். நீ வரைந்த படம் என் பீரோவில் இருக்கிறது. அதில் ராக்கெட்டைவிட நான் உயரம்.

இப்போதெல்லாம் மத்தியானம் சும்மா உட்கார்ந்தால் அந்த எக்ஸ்ரே அறைதான் கண்ணுக்குள் வருகிறது. தகரக் கூரை, சிவப்பு பல்பு, ஃபிலிம் கழுவும் மருந்தின் புளித்த வாடை. எத்தனை சோப்புப் போட்டாலும் அது என் கையை விட்டுப் போகாது, அந்தக் கையால் ஊட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாய், தூங்கும்போது மட்டும் அதே கையைக் கன்னத்துக்கு அண்டக் கொடுத்துக்கொள்வாய். ராக்கெட்டின் இரும்பு உடம்பை வெல்டிங் வைத்து ஒட்டுவார்கள், அந்த ஒட்டுகளை எக்ஸ்ரே எடுத்து வெளிச்சப் பெட்டியில் வைத்துப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. பட்டறை முழுக்க ஆண்கள், நான் ஒருத்திதான் புடவை. ராக்கெட் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் கேன்டீன்காரர் பிஸ்கெட் டின் ஒன்றின் மூடியில் உளியால் கீறி எடுத்துக்கொண்டு வருவார், ஆளுக்கு ஒரு சீட்டில் வினாடி எழுதிப் போட வேண்டும், அதற்கு மேல் டேப் ஒட்டிவிடுவார். நெருங்கிச் சொன்னவருக்குத் தச்சர் ஏதாவது செய்து கொடுப்பார். அந்தச் சாயங்காலம் முழுக்கச் சிரிப்பும் கேலியும்தான். அப்படி ஒரு காலம் எனக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை.

இத்தனையும் எழுதிக்கொண்டு போவது ஒன்றைத் தள்ளிப்போடத்தான் என்று உனக்குப் புரிந்திருக்கும். உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், இன்ஜினைத் தரையில் ஓட்டிப் பார்த்தபோது நான் செய்த வால்வுக்குப் பக்கத்து மீட்டரில் முள் அரை வினாடி நடுங்கியது, அளவுக்குள்தான் இருக்கிறது, யாரும் கண்டுகொள்ளவில்லை, ஆனாலும் என் சீட்டில் எழுபது என்று எழுதி வைத்திருக்கிறேன், உன் எண் வந்ததும் பார்த்துவிட்டுப் போடுகிறேன், சிரிக்காதே என்று எழுதியிருந்தாய். உன் அப்பா சிரித்தார். நான் கை ஈரத்தோடு கடிதத்தைப் பிடுங்கி அந்த வரியை நாலு தடவை படித்தேன். அன்றையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வாலு, நான் அந்தக் கடிகாரத்தை ஜெயித்தது ஜோசியத்தால் அல்ல. மூன்றாம் ஒட்டின் ஃபிலிமில் ஒரு நிழல் இருந்தது. தலைமுடி அகலம்கூட இல்லை, விதிப்புத்தகத்தில் போட்டிருந்த அளவுக்குள்தான் இருந்தது. ஆனால் ஆயிரக்கணக்கில் ஃபிலிம் பார்த்த கண்ணுக்கு அது பிடிக்கவில்லை. அதற்கு முன்னால் இரண்டு தடவை எனக்குப் பிடிக்காத ஒட்டை வெட்டிப் பார்த்து, உள்ளே ஒன்றும் இல்லாமல் பட்டறையே என்னைப் பேய் பார்க்கிறவள் என்று ஒரு மாதம் ஓட்டியது. மூன்றாவது தடவையும் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. பெரிய ஆட்கள் பார்க்க வருகிறார்கள், தேதி குறித்தாயிற்று, அளவுக்குள்தானே இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டேன். அன்று சாயங்காலம் டின் வந்தது. எல்லோரும் முழு நூற்றுப்பத்து, நூறு என்று எழுதினார்கள். உள்ளே அழுத்தம் உச்சத்துக்குப் போவது நாற்பதாவது வினாடியில் என்று பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். நான் நாற்பத்தொன்று என்று எழுதினேன். அந்த நாற்பதையாவது தாண்டிவிடட்டும் என்ற வேண்டுதலுக்காகச் சேர்த்தது அந்த ஒரு வினாடி.

நாற்பத்திரண்டில் வெடித்தது. மூன்றாம் ஒட்டில்தான் பிளந்தது. அதில் ஆள் யாரும் போகவில்லை, யாருக்கும் கீறல்கூட இல்லை. விசாரணை வந்தது, ஃபிலிமை எடுத்துப் பார்த்தார்கள், அளவுக்குள்தான் இருக்கிறது என்று மூடிவிட்டார்கள். ஆனால் அந்த ராக்கெட்டை ஒன்பது வருஷம் செய்தவர் எங்கள் நெட்டை சார், நிலைப்படி இடிக்காமல் எந்த அறைக்குள்ளும் நுழையத் தெரியாதவர், அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். மிச்ச காலத்தை அவர் திருகாணிக்கும் துணிக்கும் கையெழுத்துப் போட்டே கழித்தார். போவதற்கு முன் கேன்டீனில் கடிகாரத்தையும் ஜெயித்த சீட்டையும் என் கையில் கொடுத்தவரும் அவர்தான். எப்படிம்மா நாப்பத்தொண்ணுன்னு போட்டீங்க என்று கேட்டார். சும்மா தோணுச்சு சார் என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

நீ ராக்கெட் படிக்கப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தபோது கண்ணாடிக் கடையில் அவரைப் பார்த்தேன். இருவரும் கண் பரிசோதனைக்குக் காத்திருந்தோம், அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. உன்னைப் பற்றிச் சொன்னேன், அவ்வளவு சந்தோஷப்பட்டார், எந்தப் பிரிவு என்று துருவித் துருவிக் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, மணி கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்: "அந்தச் சீட்டை டின்னுல போடறதுக்கு முன்னாடி என் மேசையில போட்டிருக்கலாமேம்மா. ஒரு வாரம் தள்ளி வெச்சிருப்பேன்." அவருக்குத் தெரிந்திருக்கிறது, இத்தனை வருஷமும் தெரிந்திருக்கிறது. அதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். போன வருஷம் அவர் தவறிப்போனார் என்று தச்சர் சொன்னார். மன்னிப்புக் கேட்க எனக்கு இருந்த ஒரே ஆளும் இல்லை.

இதை இன்று காலையில்தான் முதல் தடவையாக உன் அப்பாவிடம் சொன்னேன். வெகு நேரம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், அந்தக் கடிகாரத்தை இறக்கிடவா என்று கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். போனில் உன்னிடம் சொல்லலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன், உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டாயா என்றுதான் வாயில் வந்தது. உன் சின்ன வயதுப் பெருமையை நானே இப்படிப் போட்டு உடைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் நீ என் பொய்யைப் பார்த்துத்தான் இந்த வேலைக்கே போனாய், என்னைப் போல வாயை மூடிக்கொண்டு அந்தப் பொய்யின் மிச்சத்தையும் செய்துவிடக் கூடாது.

அதனால் நீ கேட்ட எண்ணை நான் அனுப்பவில்லை. உன் ராக்கெட் எத்தனை வினாடி போகும் என்று எனக்குத் தெரியாது. அந்த முள் நடுங்கினதில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், வால்வைப் பிரித்துப் பார்த்துவிட்டு உன்னையும் பேய் பார்க்கிறவள் என்று சிரிக்கலாம். சிரிக்கட்டும். சிரிப்பு ஒரு மாதத்தில் ஓய்ந்துவிடும், நான் பார்த்திருக்கிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது பதினெட்டாம் தேதிக்குப் பத்து நாளாவது இருக்க வேண்டும் என்று விரைவுத் தபாலில் போடச் சொல்லி உன் அப்பாவை நொண்டிக்கொண்டே அனுப்புகிறேன்.

எல்லா நன்மையும் உனக்குக் கூடி வரட்டும், கண்ணும் கையும் உனக்கு என்றும் தெளிவாக இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொள். என் பழைய சீட்டை இத்துடன் மடித்து வைத்திருக்கிறேன், நாற்பத்தொன்று என்று என் கையெழுத்திலேயே இருக்கும், இத்தனை வருஷம் கடிகாரத்தின் முதுகில் செருகி வைத்திருந்தேன், நீ அம்புக்குறி பார்க்க இறக்கச் சொல்லும்போதெல்லாம் என் நெஞ்சு திக்கென்றதற்கு அதுதான் காரணம். உன் எழுபதையும் இதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய், இது கைக்கு வந்த மறுநாள் காலையிலேயே உன் மேலதிகாரியின் மேசையில் வை.

உன்னை எப்போதும் நினைத்திருக்கும்,
அம்மா