முப்பது காலடி ரவுண்டானா

பாய், இன்று காலை நம் டேப்பைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். முப்பது மீட்டர் துணி டேப். கடைசியாக அளந்த இடத்துச் செம்மண் அதில் அப்படியே காய்ந்திருந்தது. உதறியதில் தும்மல் வந்தது. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால், "டேப்ப துடைச்சு வெக்கத் தெரியல, பேசறது மட்டும் மில்லிமீட்டர்" என்று சொல்லியிருப்பீர்கள்.

எடுக்க வைத்ததே நீங்கள்தான். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துக்குப் போகும் வழியில் இருக்கிற சின்ன ரவுண்டானாவின் நடுத்திட்டுக்கு, இணைய வரைபடத்தில் ஏழு மீட்டர் விட்டம் என்று போட்டிருக்கிறீர்கள். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற வரைபடம் அல்லவா, யாரோ ஒரு புது ஆள், 'படத்தில் இவ்வளவு பெரிதாகத் தெரியவில்லையே, உள்ளூர்க்காரர்கள் யாராவது பாருங்கள்' என்று குறிப்பு வைத்திருந்தார். நீங்கள் காலமாகி ஐந்து மாதமாகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நாம் சண்டையில் அறிமுகமானவர்கள். வளைகுடாவில் இருபது வருஷம் தண்ணீர் லாரி ஓட்டிவிட்டுப் பாலக்கரைக்குத் திரும்பி, ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு பட்டறையில், செய்து வரும் உருப்படிகளை அளந்து பார்த்துத் தள்ளுகிறவன். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து நான் போட்ட ஒரு எண்ணை நீங்கள் மாற்றினீர்கள். நான் திரும்ப மாற்றினேன். நீங்கள் மறுபடியும் மாற்றினீர்கள். காரமாக ஒரு கடிதம் எழுதினேன். "வாங்க சார், நேர்லயே அளந்துருவோம்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அளந்தோம். நீங்கள் போட்டதுதான் சரி.

எதற்கு இந்த விட்டமெல்லாம் என்று என் வீட்டில் கேட்டபோது நீங்கள்தான் பதில் சொன்னீர்கள். "ரவுண்டானான்னு ஒரு வட்டத்த மட்டும் போட்டா போதுங்களா? வேன் ஒரே வீச்சுல திரும்புமா, இல்ல பிள்ளைங்கள வெச்சுக்கிட்டு நடுரோட்டுல ரிவர்ஸ் எடுக்கணுமா, அது தெரிய வேணாமா?" அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை யாரும் தடுக்கவில்லை.

டேப்புக்கு இரண்டு பேர் வேண்டும். நான் வராத நாளுக்கு என்ன செய்வது என்று முதல் மாதமே ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். டேப்பை நீட்டிப் போட்டு, பக்கத்தில் நடந்து காட்டினீர்கள். நாலு காலடிக்கு மூன்று மீட்டர். பத்து தடவை நடக்கச் சொன்னேன், பத்து தடவையும் அதேதான். "தெனம் லாரிய சுத்தி நடந்து டயர் பாத்த காலு சார், மாறாது" என்றீர்கள்.

பிறகு என் மகள் கல்யாண வேலையில் நான் மாதக்கணக்கில் வரவில்லை. நீங்கள் தனியாகவே போய்த் திட்டைச் சுற்றி நடந்து, காலடியை எண்ணி, நாலு காலடிக்கு மூன்று மீட்டர் என்று கணக்குப் போட்டு விட்டத்தை ஏற்றினீர்கள். ஸ்ரீரங்கத்து ரவுண்டானாவுக்குக் கீழே, 'நடந்து அளந்தது, முப்பது காலடி' என்று நாணயமாகக் குறிப்பும் எழுதியிருந்தீர்கள். அதைப் பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஊரே பார்க்கிற இடத்தில், 'இது அளவா, உத்தேசமா?' என்று எழுதினேன். நான் போய் ஒரு தடவை பார்த்துவிட்டாவது எழுதியிருக்கலாம். "பாத்துக்கறேன் சார்" என்றீர்கள். அதுதான் நமக்குள் கடைசிப் பேச்சு.

இன்று போய்ப் பார்த்தேன். மூலையில் உட்கார்ந்திருக்கும் பூக்காரம்மாதான் டேப்பின் மறுமுனையைப் பிடித்தார். உங்களிடம், "பாய், உள்ள சாமி இல்லீங்க, லைட்டு கம்பம்தான். எதுக்கு சுத்தறீங்க?" என்று கேட்டாராம். திட்டின் சுற்று சரியாகப் பதினெட்டு மீட்டர். விட்டம் ஐந்தே முக்கால்கூட முழுதாக வராது. ஏழு எங்கே, இது எங்கே? வாய்விட்டே உங்களைத் திட்டினேன்.

அந்தக் கோபத்தோடு எடமலைப்பட்டி புதூருக்கும் பஸ் ஏறினேன். அங்கே ரவுண்டானாவுக்கு நீங்கள் நடந்து அளந்து போட்டதும் கூடுதல்தான், ஆனால் கொஞ்சம். அது இதற்கு மூன்று மாதம் முந்தியது. அதற்கும் முன்னால் பாலக்கரைப் பக்கம் நடந்து போட்டதையும் போய் அளந்தேன், இம்மி பிசகவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மூன்றையும் தேதிப்படி பார்த்தேன். தவறு எப்போதும் ஒரே பக்கமாக விழுந்து, நாளாக ஆகக் கூடிக்கொண்டே போனால், அளக்கிற கருவி தேய்கிறது என்று அர்த்தம். என் வேலையில் முதலில் கற்பது அதைத்தான். இங்கே கருவி உங்கள் கால்.

நான் துக்கம் கேட்க வந்த அன்று உங்கள் மைத்துனர் வீட்டு வாசலில் வைத்துச் சொன்னார்: "மச்சானுக்கு ஆறு மாசமாவே நெஞ்சு சரியில்லீங்க. நாலு எட்டு வெச்சா மூச்சு வாங்கும். தெரிஞ்சா வேன எடுக்க விடமாட்டாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல." கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்தேன். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. இன்று அந்த டீக்கடை பெஞ்சில்தான் உறைத்தது. நீங்கள் வேனை முன்பே நிறுத்தியிருக்க வேண்டும் பாய், அது தப்புத்தான். அதைக் கேட்கிற இடத்தில் நான் இருந்திருக்க வேண்டும், நான் இல்லை.

சாயங்காலம் மறுபடி ஸ்ரீரங்கம் போனேன். டேப்பைப் பையிலேயே வைத்துவிட்டு, திட்டைச் சுற்றி நடந்தேன். என் நடைக்கு இருபத்து நாலு வந்தது. கொஞ்சம் குறுக்கி வைத்தேன், இருபத்தேழு. இன்னும் குறுக்கி, காலை இழுத்து இழுத்து வைத்தபோதுதான் முப்பது வந்தது.

"என்னங்க, ஒடம்புக்கு முடியலையா?" என்றார் பூக்காரம்மா. "அந்த பாயும் கடைசில இப்டித்தான் நடந்தாரு. பாதியில நின்னு என் ஸ்டூல்ல உக்காந்தாரு. தண்ணி குடுத்தேன். எண்ணிக்க மறந்துடும்மான்னு பேசவே மாட்டேன்னுட்டாரு."

பூக்காரம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

விட்டத்தை ஐந்தே முக்கால் என்று திருத்திவிட்டேன். வேன்காரர்கள் பார்ப்பார்கள், தப்பை விட்டுவைத்தால் உங்களுக்கே பிடிக்காது. ஆனால் நான் எழுதிய அந்தக் கேள்வியை அழிக்க வழியில்லை, வரைபடம் எதையும் மறப்பதில்லை. அதனால் அதற்குக் கீழேயே இன்னொரு வரி எழுதினேன்: 'இன்று நானும் நடந்து பார்த்தேன். முப்பது காலடி சரிதான்.'