பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால்

விடுமுறைக்கு மூடிய பள்ளியில் ஊமத்தை இலையும் அடுப்புக்கரியும் அரைத்துக் கரும்பலகைகளுக்குப் பூசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பச்சை நெடி என் தலைமையாசிரியை அறைவரை வருகிறது. எனக்கு உன் நினைவு வந்துவிட்டது.

திண்டிவனத்தில் நாம் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தபோதே நீ அப்படித்தான். "மூணும் அஞ்சும் எட்டு, அஞ்சும் மூணும் எட்டு. சரி. எல்லா நம்பருக்கும் இப்படியேதான் வரும்னு யாரு கூட்டிப் பாத்துக்கினு வந்தாங்க?" என்று வகுப்பில் எழுந்து கேட்டாய். எல்லோரும் சிரித்தோம். உனக்கு 'ஏன் டீச்சர்' என்று பட்டப்பெயர் வைத்தவள் நான்தான்.

பிறகு விழுப்புரத்தில் இருவருக்கும் ஒரே பள்ளி, ஒரே வாடகை அறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டே சொன்னாய்: "பன்னெண்ட நாலால வகுத்தா மூணு. ஏன்னா, மூணு நாலு பன்னெண்டு. பூஜ்யத்தப் பூஜ்யத்தால வகுத்தா? ஏழு பூஜ்யமும் பூஜ்யம்தான், அதனால ஏழுன்னாலும் ஒத்துக்கினு போவுது, நூறுன்னாலும் ஒத்துக்கினு போவுது. எல்லாமே சரின்னா எதுவுமே விடை இல்லடி." எனக்கு அன்றே நன்றாகப் புரிந்தது.

தலைமையாசிரியை பதவி காலியாக இருந்த மாதம் இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் எதிரிலேயே, உன் ஐந்தாம் வகுப்பு மரகதம் அதே கணக்கைக் கேட்டாள்.

"அதுக்கு விடை கெடையாதும்மா" என்றாய்.

"விடை இல்லாத கணக்கு உண்டா?" என்று இன்ஸ்பெக்டர் பக்கத்து வகுப்பிலிருந்து என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நீ என்னை நம்பிக்கையோடு பார்த்தாய்.

"ஒண்ணுங்க சார். எந்த எண்ணையும் அதே எண்ணால வகுத்தா ஒண்ணுதானுங்களே" என்றேன்.

உன் பிள்ளைகள் முன்னாலேயே '0 ÷ 0 = 1' என்று கரும்பலகையில் நூறு முறை எழுதச் சொன்னார் இன்ஸ்பெக்டர். நீ எழுதினாய். பலகை நிறைந்ததும் அழித்துவிட்டு மறுபடி எழுதினாய். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எண்ணினார்கள். எண்ணிக்கை தவறாமல் பார்த்துக்கொள்ளும்படி என்னை நிறுத்தியிருந்தார். அறுபத்திரண்டாவது முறை ஒரு பூஜ்யத்தை நீ விட்டுவிட்டாய். அதையும் நான் சுட்டிக்காட்டினேன்.

உன்னை ஒலக்கூர்ப் பக்கம் ஓராசிரியர் பள்ளிக்கு மாற்றினார்கள். பேருந்து புறப்படும்போது ஜன்னல் வழியாகச் சொன்னாய்: "பதவிய நீயே வச்சிக்கோ. மரகதம் கேட்டது நல்ல கேள்விடி. அவகிட்ட மட்டும் சரியானத சொல்லிடு."

"சொல்றேன், நீ போ" என்றேன்.

சொல்லவில்லை. சொன்னால் என் நாற்காலிக்கு என்ன ஆகும் என்று பயம்.

நான்காம் வருடம் மஞ்சள் காமாலையில் நீ போய்விட்டாய். செய்தி கேட்டு பஸ் ஏறினேன். ஆனால் உன் ஊர் நிறுத்தத்தில் இறங்கவில்லை. கடைசி நிறுத்தம்வரை போய், அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

மரகதம் இப்போது என் பள்ளியில் ஆசிரியை. விடுமுறைக்கு முந்தைய வாரம் அவள் வகுப்பைக் கடந்து போனேன். ஒரு குழந்தை கேட்டது: "பூஜ்யத்தப் பூஜ்யத்தால வகுத்தா ஏன் டீச்சர் ஒண்ணு?"

பளாரென்று அறை விழுந்தது. "ஏன் கீன்னு கேக்காத. பெரிய டீச்சர் சொன்னது. எழுதிக்கோ."

வாசலில் என்னைக் கண்டதும் மரகதம் மரியாதையாக நின்றாள். "சரிதானுங்களே டீச்சர்?"

கன்னத்தைப் பிடித்தபடி அந்தக் குழந்தையும் என் வாயையே பார்த்தது.

"சரிதான்" என்றேன். இரண்டாம் முறையும் தெரிந்தேதான் சொன்னேன். அதைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன்.