கை எட்டாத பியூஸ்

20 ஆகஸ்ட் 1962, திங்கள்

வண்டி இன்றைக்கும் நின்றுவிட்டது. பெரிய மார்க்கெட் வாசலில். மீன்காரி அமிர்தவல்லி வந்து, "யக்கா, உன் வூட்டுக்காரரு தேர் மாதிரி நட்டநடுவுல நிக்கறாரு, வா" என்றாள். ஸ்குரூ டிரைவர், ஈயக் கம்பிச் சுருள் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் அவருடைய இரண்டு காலையும் வாங்கிக்கொண்டு இந்த மூன்று சக்கர பேட்டரி வண்டியைக் கொடுத்தார்கள். செய்தவனுக்கு மூளை எங்கே போனதோ, பியூஸை சீட்டுக்குப் பின்னால் அச்சுக்கு மேலே வைத்திருக்கிறான். உட்கார்ந்திருப்பவருக்குக் கை எட்டாது. அவர் அதை பிரெஞ்சில் 'ப்ளோம்' என்பார், எலக்ட்ரீசியன் சாமிக்கண்ணு அண்ணன் 'பியூஸ்' என்பார். எப்படிச் சொன்னாலும் குந்தி உட்கார்ந்து மூடியைத் திறக்க நான் வேண்டும்.

பீங்கான் கட்டையை உருவி, எரிந்த கம்பியை எடுத்துவிட்டு, இரண்டு திருகுக்கும் நடுவே புதுக் கம்பி. ஐந்து நிமிஷம். "நீ இல்லேன்னா நான் இங்கியே சிலைதான், செல்வா" என்றார், அத்தனை கூட்டத்தில். வெட்கமாக இருந்தது. பிடித்தும் இருந்தது.

28 ஆகஸ்ட்

விளக்கு எரியவில்லை. பின்னால் உள்ள பியூஸ் சரியாகத்தான் இருக்கிறது. விளக்கின் ஒயரைத் தடவிக்கொண்டே போனேன். கைப்பிடிக்குக் கீழே, பெயிண்டு மூடிப்போன ஒரு சின்ன டப்பி. அதற்குள் இன்னொரு பியூஸ்! வண்டி வந்து ஆறு வருஷமாக சாமிக்கண்ணு அண்ணனுக்கே தெரியாதது. இன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

11 செப்டம்பர்

தபாலாபீஸ் எதிரே நின்றுவிட்டது. கம்பி மாற்றிவிட்டு நிமிர்ந்தேன். அவர் மடியில் பிரெஞ்சுத் தபால்தலை ஒட்டிய கவர். அவசரமாகத் துண்டைப் போட்டு மூடினார். ஒரு போட்டோ நழுவி விழுந்தது. எட்டு ஒன்பது வயசுப் பெண். சின்னக் கண். தாடை அவருடையது.

வீட்டுக்கு வந்து சொன்னார். பட்டாளத்தில் இருந்தபோது சைகோனில் ஒருத்தியோடு இருந்தாராம். அவள் பிரான்சுக்குப் போய், போன வருஷம் மார்செய்யில் இறந்துவிட்டாள். பெண் கன்னியாஸ்திரீகள் விடுதியில் இருக்கிறாள். பெயர் லூசி.

"அந்தப் பொண்ணுக்கு நான் ஒருத்தன்தான்" என்றார்.

எனக்கு? காலில்லாதவர் என்று தெரிந்துதான் கழுத்தை நீட்டினேன். இது தெரியாதே.

12 செப்டம்பர்

இங்கே அழைத்துக்கொள்ளலாம், நான் வளர்க்கிறேன் என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன். அனுப்ப மாட்டார்களாம். தகப்பன் அங்கேயே வந்து குடியிருந்தால்தான் கொடுப்பார்களாம்.

"அப்ப நானும் வரேன்."

முடியாதாம். எங்கள் கல்யாணம் வில்லியனூர் கோயிலில் நடந்தது. மேரி என்கிற நகராட்சி ஆபீஸ் பதிவேட்டில் எழுதவில்லை, இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டோம். அவர் அங்கே தனி ஆள் என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். இப்போது மாற்றினால் பொய்யன் என்று பெண்ணைத் தர மாட்டார்களாம். ஏழு வருஷமாக இவரைத் தூக்கி உட்கார வைத்தவள் காகிதத்தில் இல்லை.

2 அக்டோபர்

நாளைக் காலை கோன்சல் ஆபீசில், அங்கே போய்க் குடியிருப்பதற்காக, பிரெஞ்சுக் குடி என்று கையெழுத்துப் போடப் போகிறார். சட்டை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

2 அக்டோபர்

வண்டி கிளம்பவில்லை. கம்பியை நான்தான் கத்தரித்தேன். புதுக் கம்பி கடையில் இல்லை என்றேன். சுருள் அரிசிப் பானைக்குள் இருக்கிறது.

4 அக்டோபர்

இன்றும் போகவில்லை. ரிக்‌ஷாவில் ஏற மாட்டார். என்னைத் தவிர வேறு யாரும் தூக்கக் கூடாது அவருக்கு. நான் செய்வது பாவம்தான். இருக்கட்டும்.

5 அக்டோபர்

அமிர்தவல்லியிடம் சொல்லி சாமிக்கண்ணு அண்ணனை வரவழைத்துவிட்டார். அண்ணன் கட்டையை உருவிப் பார்த்தார். "எரிஞ்ச கம்பின்னா நுனி உருண்டு கருத்திருக்கும். இது கத்தரி பட்ட நுனியாச்சே" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அண்ணன் புதுக் கம்பி போட்டுவிட்டுப் போன பிறகு இவர் சொன்னார்: "காலு போனப்பகூட நான் இப்பிடி கட்டிப்போட்டாப்பல இருந்ததில்ல, செல்வா."

திட்டியிருக்கலாம். அடித்திருந்தால்கூட தாங்கியிருப்பேன். நான் என்னதான் பண்றது? போவாதீங்கன்னு சொல்ல எங்கிட்ட வேற என்ன இருக்கு?

9 அக்டோபர்

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். வஞ்சிரம் மீன் குழம்பு வைத்தேன். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

24 நவம்பர்

செவ்வாய்க்கிழமை ரயில். பம்பாயில் கப்பல். வண்டியும் கூடப் போகிறது. அங்கே நடுத்தெருவில் நின்றுவிட்டால் யார் ஓடி வருவார்கள்? ஒன்பது வயசுப் பெண்ணா? முதலில் அதை நினைத்து சந்தோஷப்பட்டேன் – நிற்கட்டும், அப்போது என் நினைப்பு வரும் என்று. பிறகு, மழையில் அந்நிய ஊரில் அவர் தனியாக உட்கார்ந்திருப்பது கண்ணில் வந்தது. அழுதுவிட்டேன்.

25 நவம்பர், ஞாயிறு

சாமிக்கண்ணு அண்ணனிடம் கனமான ஒயர் இரண்டு முழம் வாங்கி வந்தேன். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, பீங்கான் கட்டையைப் பின்னாலிருந்து பெயர்த்து, ஒயரை நீட்டி, சீட்டின் பக்கவாட்டில், அவருடைய வலது கை படும் இடத்தில் திருகினேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சொல்லிக் கொடுத்தேன். முதல் தடவை கம்பியை அறுத்துவிட்டார். இரண்டாம் தடவை திருகு மடியில் விழுந்தது. எடுத்துக் கொடுக்க என் கை போனது, இழுத்துக்கொண்டேன்.

26 நவம்பர், திங்கள்

காலையில் கடற்கரை வரை ஒரு சுற்றுப் போய் வருகிறேன் என்று கிளம்பினார். ஒன்பதுக்கு வர வேண்டியவர் பத்தாகியும் வரவில்லை. வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தேன்.

பத்தரைக்கு வந்தார். விரலெல்லாம் கரி. "சுங்கச்சாவடிகிட்ட நின்னுடுச்சு. நானே போட்டுட்டேன், செல்வா!" முகத்தில் அத்தனை சந்தோஷம். இந்த முகத்தைப் பார்த்து எத்தனை மாதமாயிற்று.

கட்டையை உருவிப் பார்த்தேன். நன்றாகத்தான் போட்டிருந்தார்.