குன்னூரில் நான் சொன்ன பதில்

தேவாலா
12.11.2001

அன்பு மெட்டில்டா,

ஐவி எழுதுகிறேன். மூன்று வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமலே வைத்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. முகவரியை உன் தங்கையிடம் வாங்கினேன்.

போன வாரம் குன்னூரில் எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ்களுக்கு இரண்டு நாள் தொழில் நெறிமுறைப் பயிலரங்கு. நாற்பது பேர். கோயம்புத்தூரிலிருந்து பேராசிரியை கோகிலவாணி வந்து நடத்தினார். சீனியர் என்று என்னை உதவிக்குப் போட்டார்கள். நாற்காலி போட்டதிலிருந்து, கூச்சப்பட்ட சின்னப் பெண்களைப் பேச வைத்தது வரை நான்தான். ‘பதிவேட்டில் உண்மை’ என்று சார்ட்டில் பெரிதாக எழுதியதும் நான்தான்.

வந்ததிலிருந்து உடம்பில் ஒரு சத்தும் இல்லை. காய்ச்சலும் இல்லை, தலைவலியும் இல்லை. டியூட்டி முடிந்து வந்தால் கட்டின சேலையோடு கட்டிலில் உட்கார்ந்துவிடுகிறேன். “ரெண்டு நாள் வேலைக்கா சிஸ்டர் இப்படி?” என்று வார்டு ஆயா பேச்சி கேட்கிறாள்.

தேயிலை விலை விழுந்தபடியேதான். வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. தொழிலாளர் லைன் வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கின்றன. ஜனங்கள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். நீ இருந்த அறையிலும் யாருமில்லை.

முடிந்தால் ஒரு வரி எழுது.

உன்
ஐவி

தாராபுரம்
20.11.2001

ஐவிக்கு,

பிரித்துவிட்டேன்.

ராத்திரி பகல் பார்க்காமல் ஷிப்ட் பார்த்த காலத்திலேயே நீ களைத்து உட்கார்ந்ததில்லை. நாற்காலி போட்டதில் உனக்கு இது வரவில்லை. அங்கே யாரோ ஏதோ கேட்டிருக்கிறார்கள், நீ ஏதோ சொல்லியிருக்கிறாய். அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் எழுதியிருக்கிறாய்.

எழுத முடிந்தால் எழுது. இல்லாவிட்டால் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு தூங்கு. அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும்.

மெட்டில்டா

தேவாலா
27.11.2001

அன்பு மெட்டில்டா,

உன்னிடம் எதை மறைக்க முடிந்திருக்கிறது?

இரண்டாம் நாள் மதியம், கோத்தகிரிப் பக்கத்துப் பெண் பிரியா எழுந்தாள். “சிஸ்டர், மேனேஜர் தொரையே கூப்பிட்டு ரிஜிஸ்டர மாத்தி எழுதுன்னா என்னங்க பண்றது? நீங்க என்ன பண்ணுவீங்க?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நம் எஸ்டேட் சுப்பம்மாவுக்கு அன்றைக்கு நடந்ததை அவர்களிடம் சொன்னேன். தேயிலைக்கு அடிக்கப் பூச்சிமருந்து கலக்கிக் கொடுத்தவளை வாயில் நுரையோடு தூக்கி வந்ததை. “மருந்து விஷம்னு வெளிய தெரிஞ்சா, தேயில விக்கிற இந்த வெலையில எஸ்டேட்ட மூட வேண்டியதுதான். பழைய வலிப்புன்னு எழுது” என்று தொரை நின்றதை. “என் கையால எழுத மாட்டேங்க” என்று நர்ஸ் பேனாவை மேஜையில் வைத்ததை.

அத்தனையும் நடந்ததுதான். ஆனால் அந்த நர்ஸ் நான் என்று சொல்லிவிட்டேன், மெட்டில்டா. நீ வைத்த பேனாவை எடுத்து எழுதியவள் நான் என்பதைச் சொல்லவில்லை. கைதட்டினார்கள். பிரியா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

முன்னூறு குடும்பத்துச் சோறு என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னை வேலையைவிட்டு அனுப்பியபோதும் அதையேதான் சொல்லிக்கொண்டேன். உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும்கூட வரவில்லை.

என்னை மன்னிப்பாயா?

ஐவி

தாராபுரம்
6.12.2001

ஐவிக்கு,

படித்ததும் முதலில் சந்தோஷம்தான் வந்தது. நான் செய்ததற்கும் யாரோ கைதட்டியிருக்கிறார்களே என்று. ஒரு நிமிஷம்தான். பிறகு வந்த கோபம் நாலு நாள் இருந்தது.

மன்னிப்பை என்னிடம் கேட்காதே. எனக்காவது இங்கே ஒரு வேலை இருக்கிறது. வலிப்புக்காரி என்று பேர் வாங்கிக்கொண்டு, கொழுந்து எடுக்கவும் விடாததால் வீட்டில் உட்கார்ந்திருப்பவள் சுப்பம்மா. அவளிடம் போ.

பிரியாவுக்கும் எழுது. உன்னை நம்பி நாளைக்கு அவளும் மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டு சொல்லட்டும்.

மெட்டில்டா

தேவாலா
24.12.2001

அன்பு மெட்டில்டா,

கோகிலவாணி மேடத்துக்கும் பிரியாவுக்கும் உள்ளதை எழுதிப் போட்டேன். மேடத்திடமிருந்து பதில் இல்லை. பிரியா ஒரு கார்டு போட்டிருக்கிறாள்: ‘ஏன் சிஸ்டர் சொன்னீங்க? நான் நம்பிட்டே இருந்திருப்பேனே.’

நேற்று சுப்பம்மா வீட்டுக்குப் போனேன். அவளுக்குக் கை இன்னும் நடுங்குகிறது. ரிஜிஸ்டரில் இருப்பது பொய், எழுதியவள் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளைக் கொடுத்தேன். தொழிலாளர் ஆபீஸில் காட்டச் சொன்னேன். என் வேலை போகும். போகட்டும்.

அவள் தாளைப் பிரித்துப் பார்க்கவில்லை. “நீங்கதான் எழுதுனீங்கன்னு தெரியுமுங்க நர்ஸம்மா. அங்கதானுங்களே படுத்திருந்தேன். கண்ணுதான் தெறக்க முடியல, காது கேட்டுச்சு” என்றாள்.

மூன்று வருஷமாக என்னிடம்தான் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தாள், மெட்டில்டா. ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். டீ போட்டுக் கொடுத்தாள். கிளம்பும்போது, “எழுத மாட்டேன்னு சொன்னாங்களே, அந்தம்மா எப்படி இருக்காங்க?” என்று கேட்டாள்.

நல்லா இருக்காங்க என்று சொல்லிவிட்டேன். வழியெல்லாம் ஒரே பனிமூட்டம். குவார்ட்டர்ஸுக்கு வந்து உன் இரண்டு கடிதங்களையும் எடுத்துப் படித்தேன். நீ எப்படி இருக்கிறாய் என்று அவற்றில் ஒரு வரிகூட இல்லை. நான் கேட்டிருந்தால்தானே எழுதியிருப்பாய்.

நாளைக்குக் கிறிஸ்துமஸ். பக்கத்து அறைகள் எல்லாம் பூட்டியிருக்கின்றன.

எப்படி இருக்கிறாய், மெட்டில்டா?

ஐவி