வாலுவுக்குத் தனி டின்

நவம்பர் 4

அன்புச் சின்னுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் வாலுவும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு வேறு வழி வைக்கவில்லை நீ. போன் அடித்தால் எடுப்பதில்லை. எடுத்தால், "வேலையா இருக்கேன்க்கா, அப்புறம் பேசறேன்." அந்த அப்புறம் பத்து மாதமாக வரவில்லை. கடிதத்தையாவது பாதியில் கட் பண்ண முடியாதே என்று உட்கார்ந்துவிட்டேன்.

பண்டிகைத் துணி எடுத்தாயிற்று. கடுகு மஞ்சளில் மெல்லிய வெள்ளைக் கோடு. ஒரு ரோல் முழுசாக வாங்கிவிட்டேன். அத்தானுக்கும், என் இரண்டு தடியன்களுக்கும், மாப்பிள்ளைக்கும் சட்டை. உனக்கும் எனக்கும் டாப். வாலுவுக்குக் கழுத்தில் சுருக்கம் வைத்த கவுன். வழக்கம்போல ஏழு பேரும் ஒரே துணியில் நின்று போட்டோ. "யூனிஃபார்ம் போட்டுப் பள்ளிக்கூடம் போற மாதிரி இருக்கு"ன்னு மாப்பிள்ளை வருடா வருடம் கிண்டல் செய்வார். செய்யட்டும். போட்டோவில் முதலில் சிரிப்பவர் அவர்தான்.

தைக்க வந்த துணி கடையில் மலையாகக் கிடக்கிறது. "எங்களுக்கு முதல்ல முடிச்சுக் குடுங்க"ன்னு ஆளாளுக்கு நிற்கிறார்கள். நான் நம் வீட்டுத் துணியைத்தான் முதலில் வெட்டப்போகிறேன். வாலுவின் அளவு அனுப்பு. தோள், மார்பு, உயரம் மூன்றும் போதும். காகித நட்சத்திரத்துக்கு வெள்ளியும் சிவப்பும் வாங்கி வைத்திருக்கிறேன். அவள் வந்துதான் ஒட்ட வேண்டும். என் தடியன்கள் ஒட்டினால் நட்சத்திரம் நண்டு மாதிரி ஆகிவிடுகிறது.

போன வருடம் நடந்ததை மனசில் வைத்துக்கொள்ளாதே. குழந்தை எந்த டின் எதுவென்று தெரியாமல் தனக்கு ஒத்துக்கொள்ளாத முந்திரி பிஸ்கட்டை எடுத்துத் தின்றுவிட்டாள். கண்டம் தப்பியது. இந்த முறை பார், வாலுவுக்கென்று தனி டின், தனித் தட்டு, தனிச் சல்லடை எல்லாம் வாங்கிவிட்டேன். முந்திரியை வீட்டுக்குள்ளேயே விடப்போவதில்லை. அத்தானுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

எத்தனையாம் தேதி கிளம்புகிறீர்கள் என்று எழுது.

உன்,
அக்கா


நவம்பர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். லென்ஸ் தேய்க்கிற மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்ததில் தாளெல்லாம் வெள்ளைப் பொடி.

போன் எடுக்காததற்குக் கோபித்துக்கொள்ளாதே. உன் குரல் கேட்டால் அழுதுவிடுவேன் என்று பயம். கடைக்காரர் முன்னால் அழுதால் மூக்குக்கண்ணாடி ஃபிரேம் உடைந்ததற்கு அழுகிறேன் என்று நினைப்பார்.

அக்கா, நாங்கள் இந்த வருடம் வரவில்லை. உன் மேல் கோபமில்லை. காரணம் வாலுதான்.

அவள் சாப்பிடுவதில்லை. நான் சமைத்ததையே, "இதுல என்னம்மா இருக்கு?" என்று மூன்று தரம் கேட்கிறாள். அப்புறம் நாலு வாய். "பசிக்குதாடி?" என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டுகிறாள். வகுப்பில் யாருக்கோ பிறந்த நாளாம். மிட்டாய்க்கு எல்லாரும் கை நீட்டினபோது இவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாளாம். டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எட்டு வயசுப் பிள்ளை, அக்கா. ஓட்டப் பந்தயத்தில் பையன்களைத் தள்ளிவிட்டு ஓடினவள்.

உன்னிடம் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில், ஊசி போட்டு மூச்சு சரியாகி அவளுக்குப் பேச்சு வந்ததும், "நான்தாம்மா டின்னைத் திறந்து எடுத்தேன்" என்றாள். எத்தனை தரம் சொல்லியிருப்பேன், கேட்காமல் எதையும் வாயில் போடாதே என்று! எனக்கு என்ன வந்ததோ, அந்தக் கட்டிலிலேயே அவளை அடித்துவிட்டேன். கையில் மருந்துக் குழாயோடு கிடந்தவளை. அவள் அழக்கூட இல்லை. அதற்கப்புறம்தான் இப்படி ஆகிவிட்டாள்.

அந்த வீட்டுக்கு, அந்த மேசைக்கு அவளை இப்போது கூட்டிவர எனக்குத் தைரியமில்லை. அடுத்த வருடம் பார்க்கலாம்.

உன்,
சின்னு


நவம்பர் 20

அன்புச் சின்னுவுக்கு,

ஏண்டி அடிச்சே? உனக்கு என்ன கிறுக்கா? உடம்பு முடியாமல் கிடக்கிற குழந்தை மேல் யாராவது கை நீட்டுவார்களா? அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. நேற்று ஒருத்தருக்கு இடது கையை வலது தோளில் வைத்துத் தைத்துவிட்டேன். முப்பது வருடத்தில் இப்படி நடந்ததில்லை.

குழந்தை என்றால் ஆசைப்படத்தான் செய்யும். முடிந்த கதை. அவளிடம் அதைப் பற்றி இனி யாரும் பேச வேண்டாம். கேட்கவும் வேண்டாம். பேசாமல் விட்டால் தானாக மறந்துவிடுவாள்.

நீ அளவு அனுப்பவில்லை. போன வருட அளவோடு இரண்டு அங்குலம் கூட்டி வெட்டினேன். மூன்று பேருடைய துணியும் இன்று பார்சலில் போட்டாயிற்று. நீங்கள் அங்கே போட்டுக்கொண்டு போட்டோ எடுத்து அனுப்புங்கள், நான் இங்கே எங்கள் போட்டோ பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். பார்சலில் தின்கிற பொருள் எதுவும் வைக்கவில்லை. ஜிகினாத் தாளும் பசையும் மட்டும் இருக்கிறது.

மனசு மாறினால் வா. தனி டின் அலமாரியிலேயே இருக்கிறது.

உன்,
அக்கா


டிசம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சல் வந்தது. இவருக்குச் சட்டை கச்சிதம். எனக்கும் சரியாக இருக்கிறது.

வாலுவுக்குப் போட்டுப் பார்த்தேன். தோள் இறங்கி முழங்கைக்கு வந்துவிட்டது. நீ ஒன்றும் தப்பாக வெட்டவில்லை. போன வருடத்துக் கவுனை எடுத்து ஒப்பிட்டேன். அதுவே இப்போது அவளுக்குத் தொளதொளவென்று இருக்கிறது. ஒரு வருடத்தில் பிள்ளைகளுக்குத் துணி பத்தாமல்தானே போகும்? நான் ஊக்கு வைத்துப் பிடித்துக்கொண்டே அழுதுவிட்டேன். "பெரியம்மா தைச்சது நல்லாத்தாம்மா இருக்கு, நான் போட்டுக்கறேன்" என்று அவள் எனக்குச் சமாதானம் சொல்கிறாள்.

நீ அனுப்பிய ஜிகினாத் தாளில் உனக்கு ஒரு வாழ்த்து அட்டை செய்திருக்கிறாள். இதோடு வைத்திருக்கிறேன். மேலே ஏழு பேரும் மஞ்சள் துணியில் நிற்கிறோம். அவள் ஓரத்தில் நிற்கிறாள், கையை வரையவே இல்லை. உள்ளே எழுதியிருப்பதை நீயே படி. "பெரியம்மா, உங்க பண்டிகையைக் கெடுத்துட்டேன். ஸாரி. நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லலை."

அந்தக் கடைசி வரி என்ன, அக்கா? "என்னடி சொல்லலை?" என்று கேட்டேன். உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் அப்பா மடியில் வைத்துக் கெஞ்சிப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. உனக்கு ஏதாவது தெரியுமென்றால் எனக்கு எழுது. டாக்டர் அவள் எடையைப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும் என்கிறார்.

சின்னு


டிசம்பர் 9

சின்னு,

இதைப் படிக்கும்போது வேலையில் இருந்தால் வீட்டுக்குப் போய்ப் படி.

அவள் டின்னைத் திறக்கவில்லை. நான்தான் கொடுத்தேன். தெரிந்தேதான் கொடுத்தேன்.

எப்படிச் செய்தாய் என்று நீ கேட்பாய். நானும் ஒரு வருடமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒத்துக்கொள்ளாது, ஒத்துக்கொள்ளாது என்று நீ சொன்னதை நான் ஒருநாளும் நம்பவில்லை. டாக்டர்கள் கிளப்பிவிடுகிற பயம் என்றுதான் நினைத்தேன். போன வருடம் வந்ததும் வராததுமாக நீ என் சமையலறையில் ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பித் திருப்பிப் படித்தாய். நான் கழுவி வைத்த தட்டை எடுத்து மறுபடி கழுவினாய். தெருவே கேட்டு வாங்கித் தின்கிற பிஸ்கட்டை நீ விஷம் மாதிரி தள்ளி வைத்தது எனக்குச் சுருக்கென்றது. இத்தனை பேருக்குச் செய்து போடுகிறவள், என் தங்கை பெண்ணுக்குக் கெடுதல் செய்வேனா என்று வீம்பு வந்துவிட்டது.

மறுநாள் காலை வாலு துணி வெட்டுகிற மேசையில் நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருந்தாள். நீ குளிக்கப் போயிருந்தாய். "கண்ணை மூடு, வாயைத் திற"ன்னு சொன்னேன். முந்திரி பிஸ்கட்டில் ஒரு துண்டு, சட்டைப் பட்டன் அளவுதான், சின்னு. அவள் சப்புக்கொட்டிக்கொண்டு சிரித்தாள். "யார்கிட்டயும் சொல்லாதே, நமக்குள்ள இருக்கட்டும்"னு சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். அரை மணி நேரம் போகட்டும், எல்லாரும் காப்பிக்கு உட்கார்ந்ததும், "பாத்தீங்களா, முந்திரி குடுத்தேன், பிள்ளை ஜம்முன்னு இருக்கா"ன்னு சொல்லிச் சிரிக்கலாம் என்று இருந்தேன். அதுதான் என் திட்டம். அவ்வளவு முட்டாள்.

உதடு தடித்ததும் நீ ஓடி வந்து, "என்ன தின்னா?" என்று கேட்டாய். "வெயில் பட்டிருக்கும்"னு சொன்னேன். அந்தச் சமயத்திலும் பொய். மூச்சு இழுக்கத் தொடங்கின பிறகுதான், "டின்னைத் திறந்திருப்பா"ன்னு வாயில் வந்தது. உன் பையிலிருந்த ஒவ்வாமை ஊசியை நீ எடுத்திருக்க வேண்டிய பத்து நிமிடத்தை நான் தின்றுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் நீ ஃபாரம் நிரப்பப் போனபோது அவள் காதில் சொன்னேன். "நீயா எடுத்தேன்னு சொல்லு கண்ணு. இல்லேன்னா உங்கம்மா என்கிட்ட பேசவே மாட்டா. பெரியம்மா பாவம்ல?" அவள் தலையாட்டினாள். குழந்தை, இரண்டு நாளில் மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். இத்தனை நாள் எனக்காக வாயைக் கட்டிக்கொண்டிருப்பாள் என்று நினைக்கவில்லை. நீ அடித்தபோதும் சொல்லாமல் இருந்திருக்கிறாளே.

அத்தானிடமும் இன்றைக்குத்தான் சொன்னேன். அவர் எழுந்து வெளியே போனவர் இன்னும் வரவில்லை. மன்னித்துவிடு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. குழந்தையிடம் மட்டும் சொல்லிவிடு, அவள் மேல் தப்பில்லை என்று. என்னைப் பற்றி நீ என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

அக்கா


டிசம்பர் 16

அக்கா,

உன் கடிதத்தை வாலுவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். முழுவதும். அவள் அப்பா வேண்டாம் என்றார். அவளைப் பற்றிய கடிதம், அவளுக்குத் தெரியட்டும் என்று நான்தான் சொன்னேன்.

அவள் முதலில் கேட்டது இதுதான்: "அப்ப நான் இப்ப சொல்லலாமாம்மா? பெரியம்மா திட்ட மாட்டாங்களா?" சொல்லு என்றேன். ஒரு மூச்சில் கொட்டினாள். கண்ணை மூடச் சொன்னது, நல்லா இருந்தது, நாக்கு அரித்தது, நான் கேட்டபோது உன்னைத் திரும்பிப் பார்த்தது, நீ சொல்லாதே என்று தலையை ஆட்டினது, எல்லாம். ஒன்றையும் மறக்கவில்லை.

அப்புறம் நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். "அடிச்சதுக்கா? அது வலிக்கலைம்மா. நீ என்னை நம்பிட்டேல்ல, அதுதான்" என்றாள். பொய்யை நான் நம்பினதுதான் அவளுக்கு வலித்திருக்கிறது, அக்கா. பெற்ற எனக்கு ஒரு வருடமாக அது தெரியவில்லை. அதற்கு உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்கு உன்னைத்தான் சொல்வேன். சாகிற வரைக்கும் சொல்வேன்.

என் பிள்ளைக்கு மூச்சு நின்றிருந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்று யோசித்துப் பார்த்தேன். அப்போதும் டின் என்றுதான் சொல்லியிருப்பாய். அதற்கு மேல் என்னால் யோசிக்க முடியவில்லை.

அவள் ஒரு மணி நேரம் அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குதும்மா" என்றாள். மூன்று தட்டுச் சாதம் சாப்பிட்டாள். இதில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

நீ உண்மையை எழுதியதால்தான் அது நடந்தது. அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். இனி எழுத மாட்டேன். நீயும் எழுதாதே.

வாலுவின் அம்மா