வடக்குச் சுவரில் உன் இடது கை

காலையில் கதவைத் திறந்ததுமே மூக்கில் ஏறியது அந்தப் புளித்த வாடை. செல்வராசு குழியை நிரப்பிவிட்டான். செம்மண், கண்மாய் வண்டல், பொடியாக வெட்டிய வைக்கோல், சாணம், மேலே கடுக்காய் ஊறிய தண்ணீர். சில நாள் ஊறினால் போதும், வழியே போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். "இங்கிட்டு ஏதும் செத்துக் கெடக்கா?" என்று முன்பொரு வருஷம் ஒருவர் கேட்டதற்கு நீ, "ஆமாங்க, மண்ணு. அது செத்தாத்தான் செவுத்துல ஒட்டும்" என்றாய். அவர் அதை நம்பிக்கொண்டே போனார்.

முன்பெல்லாம் அந்த வாடை வந்தால் எனக்குக் கை பரபரக்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் ஏழு வீட்டுச் சுவரையும் பூசி முடித்தாக வேண்டும் என்று உன்னோடு சேர்ந்து நானும் ஓடுவேன். இந்த வருஷம் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டேன். அலுத்துவிட்டது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் வந்து இறங்குகிறவர்களிடம் சொல்ல முடியாது. அவர்கள் மண் சுவரைத் தடவிப் பார்க்கிறார்கள், "எவ்வளவு குளுமை!" என்கிறார்கள், சுவரோரமாக நின்று படம் எடுத்துக்கொண்டு இருட்டுவதற்குள் புதுக்கோட்டைக்குத் திரும்பிவிடுகிறார்கள். தண்ணீரில்லாத உரக்கழிப்பறையின் வாளி நிரம்பியதும் அதை இழுத்துக்கொண்டு எருக்குழிக்குப் போகும் என்னை அவர்கள் பார்ப்பதில்லை. மழைநீர்த் தொட்டிக்குள் ஓணான் விழுந்து செத்தால் மொத்தத் தண்ணீரையும் இறைத்துக் கொட்டிவிட்டு, அடுத்த மழைக்காக வானத்தைப் பார்ப்பதும் அவர்களுக்குத் தெரியாது. இயற்கையோடு வாழ்வது நல்லதுதான். ஆனால் இயற்கை ஒரு நாள்கூட லீவு தருவதில்லை. வயதும் அறுபதை நெருங்குகிறது.

கந்தர்வக்கோட்டையைத் தாண்டி, முந்திரிக்காட்டை ஒட்டிய இந்த மேட்டு நிலத்தை நாம் ஏழு குடும்பமாகச் சேர்ந்து வாங்கியபோது, உன்னைத்தான் எல்லோரும் வினோதமாகப் பார்த்தார்கள். நான் தபால் ஆபீஸ்காரி, கணவர் போன பிறகு எங்காவது ஒதுங்க இடம் தேடியவள். செல்வராசு குவைத்தில் ஏசி மாட்டி மாட்டி வெறுத்துப்போய் வந்தவன். நீயோ கறம்பக்குடியில் சிமெண்டுக் கடைக்காரர் மகள். மூட்டைகளுக்கு நடுவில் வளர்ந்தவள் மண் வீடு கட்ட வந்திருக்கிறாளே என்று சிரித்தார்கள். ஆனால் கூட்டத்தில் யாராவது சிமெண்டைத் திட்டினால் உனக்குத்தான் பொத்துக்கொண்டு வரும். "அதத் திட்டாதீங்கய்யா, எனக்குச் சோறு போட்டிருக்கு. ஆனா மண் செவுத்து மேல சிமெண்டு பூசுறது, சளி புடிச்சவன் மூக்க அடைக்கிற மாதிரி. உள்ள இருக்க ஈரம் எங்கிட்டுப் போகும்?" என்பாய்.

முதல் வருஷப் பூச்சு உனக்கு நினைவிருக்கும். அவரவர் வீட்டை அவரவர் பூசினோம். சலித்த நல்ல மண்ணை ஆளாளுக்குத் தங்கள் வீட்டுப் பின்னால் கோணிப்பை போட்டு மூடி ஒளித்து வைத்தார்கள். ஊரே மாறப்போகிறது என்று பேசியவர்கள் ஒரு சல்லடைக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆள் பலம் இருந்த வீடுகள் மினுமினுவென்று நின்றன. என் வீடு பாதியில் நின்றது, நான் ஒற்றை ஆள். அன்றைக்குச் சாயங்காலம் நீ குழிக்குள் இறங்கி நின்றபடியே சொன்னாய்: "அவங்கவங்க செவுத்த அவங்கவங்க பூசுனா இது வெறும் காலனி. அடுத்தவங்க செவுத்தப் பூசுனாத்தான் ஊரு. இனிமே தன் செவுத்தத் தான் பூசக்கூடாது."

அதுவே நம் சட்டம் ஆனது. வீட்டு வரிசைப்படி ஒவ்வொருவரும் அடுத்த வீட்டைப் பூச வேண்டும். என் வீடு உனக்கு. செல்வராசுவும் அவன் மனைவி ஆரோக்கியமேரியும் இருக்கும் வீடு எனக்கு. அடுத்தவர் வீடு என்றதும் மண்ணை ஒளித்து வைப்பது நின்றுபோனது. இன்னொருத்தர் சுவரில் விரிசல் விட்டால் ஊரெல்லாம் நம் பெயர்தான் அடிபடும் என்று வேலையும் ஒழுங்காக நடந்தது. மனிதர்களைப் பற்றி நீ அதிகம் கனவு காணாதவள். அதனால்தான் உன் சட்டம் நின்றது.

உன் பூச்சு எதுவென்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சின்ன வயதில் அடித்து அடித்து உன்னை வலது கைக்குப் பழக்கியிருந்தார்கள். எழுதுவதும் சாப்பிடுவதும் அதில்தான். மண்ணில் கை வைத்தால் மட்டும் இடது கை தானாக முன்னால் வந்துவிடும். எல்லோருடைய வீச்சும் ஒரு பக்கம் சாய்ந்தால் உன்னுடையது எதிர்ப்பக்கம் சாயும். "பீச்சாங்கைப் பூச்சு" என்று செல்வராசு கேலி செய்வான். நீயும் விடமாட்டாய்: "மழைக்கு எந்தக் கைன்னு தெரியுமாடா?"

கடைசியாக நீ என் வடக்குச் சுவரைப் பூசியது ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு. மேல்பாதியை மேரி பார்த்துக்கொண்டாள். இடுப்பு வலி என்றாய். நானும் நம்பினேன். வேலை முடிந்து கை கழுவும்போதுதான் வயிற்றில் கட்டி இருக்கிறது என்று சொன்னாய். நான் அழுதேன், திட்டினேன். "பூச்சு முடியட்டும்னு இருந்தேன்டி. முன்னாடியே சொன்னா என்னையக் குழிப்பக்கம் விடுவீங்களா?" என்று ஈரக் கையை என் சேலையில் துடைத்தாய். தை மாதம் போய்விட்டாய்.

அதன் பிறகு வரிசையில் எனக்கு முந்திய இடம் காலி. மேரி தானே பூசுவதாக வந்தாள். மற்ற மூன்று பக்கத்தையும் பூசவிட்டேன். வடக்குப் பக்கம் வந்ததும், "இது நல்லாத்தான் இருக்கு, அடுத்த வருஷம் பாப்போம்" என்று சொல்லிவிட்டேன். அவளும் புரிந்துகொண்டு போனாள். ஆனால் வாடைக்காற்று மழையை வடக்கிலிருந்துதானே அடிக்கிறது. அதிலும் சாரல் தெறித்து முதலில் கரைவது அடிச்சுவர். நீ உட்கார்ந்து பூசிய பாகம் அதுதான். போன வருஷம் பொறுக்க முடியாமல் ஒரு நீலத் தார்ப்பாயை அதன்மேல் தொங்கவிட்டேன். உன் பூச்சைக் காப்பாற்றுகிறேன் என்று நினைப்பு. மண் சுவரோடு இத்தனை வருஷம் குடியிருந்தவள் செய்கிற காரியமா அது? ஈரம் உள்ளேயே நின்று, கரையான் கோடு போட்டு ஏறிவிட்டது.

திருச்சியிலிருந்து மகன் பேசினான். "கொத்தனார அனுப்புறேம்மா. சிமெண்டு பூசிட்டா ஒரேயடியா நிம்மதி. இல்லன்னா கெளம்பி இங்க வந்திரு. எத்தன நாளைக்கு இந்தப் பாடு?" அவன் சொல்வதில் தப்பில்லை. அங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உண்மையாகவே யோசித்தேன்.

கதவைச் சாத்திக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த இன்றைக்குத்தான் மேரி வந்து வெளியிலிருந்து கூப்பிட்டாள். வடக்குச் சுவருக்கு அழைத்துப்போய், உன் பூச்சின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரல் உள்ளே போய்விட்டது.

"அக்கா, இன்னொரு மழை தாங்காது. செவுரு எறங்குச்சுன்னா ஓடு மொத்தமும் ஒங்க தலையிலதான்."

"தெரியுது மேரி."

"அவங்க கைன்னுதான் விட்டு வச்சிருக்கீங்க. எங்களுக்கும் தெரியும். ஆனா இப்புடி விட்டா அவங்க கையும் நிக்காது, செவுரும் நிக்காது." "நான் சுரண்டவா? நீங்க உள்ள போயிருங்க" என்றாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அவள்மேல் இல்லை. எல்லாவற்றையும் கரைகிற பொருளில் கட்டிவைத்து, வருஷா வருஷம் திரும்பச் செய் என்று விட்டுப்போன உன்மேல். கல்லில் எதையாவது விட்டுப் போயிருக்கக் கூடாதா? ஆனால் அவள் சுரண்டக் கொண்டுவந்த கரணையை நானே வாங்கிக்கொண்டேன். தன் சுவரைப் பூசத்தான் கூடாது. சுரண்டக் கூடாது என்று நீ எங்கும் சொல்லவில்லை.

தண்ணீர் தெளித்ததும் சுவர் கறுத்து, உன் வீச்சுகள் ஒவ்வொன்றும் துலங்கி வந்தன. முக்காலியிலிருந்து உன் கை எட்டிய உயரம்வரை எல்லாம் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்த வளைவுகள். ஓரிடத்தில் கை தளர்ந்து இறங்கியிருந்தது. அங்கே நீ வலியில் நிறுத்தியிருக்க வேண்டும். அன்றைக்கு அதை நான் கவனிக்கவில்லை. அந்த இடத்தைக் கடைசியாகச் சுரண்டினேன். கண்ணீர் வந்தது, துடைக்க முடியாமல் இரண்டு கையிலும் மண்.

சுரண்டிய மண்ணை மேரி சட்டி சட்டியாகக் கொண்டுபோய்க் குழியில் கொட்டினாள். பழம்பூச்சை நாம் என்றைக்குத் தூரப் போட்டோம்? ஊறினால் மறுபடி மண்தானே. இத்தனை வருஷம் கொட்டியிருக்கிறோம், ஆனால் இந்த முறை குழியில் இறங்கி அதை மிதிக்க எனக்குக் கால் வரவில்லை. மேரி கையைப் பிடித்து இறக்கினாள். இருவரும் சேர்ந்து மிதித்தோம்.

ஊறி முடிந்த பிறகுதான் பூச்சு தொடங்கியது. இந்தக் கடிதத்தையும் அதுவரை நடுவில் நிறுத்தி வைத்திருந்தேன். என் சுவரைச் செல்வராசு பூசினான். ஏசி மாட்டினவன் அல்லவா, மட்டப்பலகை வைத்துப் பார்த்துப் பார்த்து வழவழவென்று முடித்திருக்கிறான். நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. பழகிவிடும்.

நான் மேரி வீட்டைப் பூசினேன். பாதியில் வலது தோள் விட்டுப்போனது. உட்கார்ந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு கையை மாற்றிக்கொண்டேன். மேரி பார்த்துவிட்டு, "என்னக்கா, பீச்சாங்கையில?" என்றாள். தோள் வலி என்றேன். அது நிஜமும்கூட. நீ ஒன்றும் சிரிக்க வேண்டாம். உன் வீச்சுப் போல வரவில்லை, கோணல்மாணலாகத்தான் வந்தது.

இருட்டும் நேரத்தில் குழியில் கொஞ்சம் மண் மிச்சம் இருந்தது. உன் வீட்டில் இப்போது விதைகளும் மண்வெட்டிகளும் இருக்கின்றன, அதன் சுவரை நாங்கள் எல்லோரும் சேர்ந்து பூசுகிறோம். செல்வராசு மிச்சத்தைச் சட்டியில் அள்ளித் தோளில் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் கிளம்பினான்.

"அந்த மண்ணு அங்க வேணாம்ப்பா" என்றேன்.

"ஏங்க்கா? நல்லா ஊறுன மண்ணு."

"அதுல அவ பூசுன மண்ணு இருக்கு. தன் செவுத்தத் தான் பூசக்கூடாது."

அவன் சட்டியை என் வாசலில் இறக்கி வைத்துவிட்டு, உன் வீட்டுக்குப் புது மண் வெட்டப் போனான். மகனிடம் கொத்தனார் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். திருச்சிக்குப் போவதைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மண் காலையில் வேறு யாராவது ஒருவர் சுவருக்குப் போய்ச் சேரும். உனக்கான புது மண்ணையும் நான்தான் இறங்கி மிதிக்க வேண்டும், கால் இப்போதே கடுக்கிறது. சட்டம் போட்டவள் நீ. உனக்கு மட்டும் விலக்குக் கிடையாது.